கார்த்திகைக்குப் பின்னும் மழை

‘கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை, கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை’ என்று நம் பெரியவர்கள் சொன்னது வெறும் பேச்சு அழகுக்காக அல்ல. கடைமடையின் சம்பா சாகுபடி முழுவதும் அந்த ஒரு கணக்கில்தான் நின்றது. ஆவணியில் விதைப்பு, ஐப்பசி மழையில் தூர் கட்டுதல், மார்கழிப் பனியில் கதிர், தை பிறந்ததும் காய்ந்த வயலில் அறுவடை. மழை நிற்கும் மாதம் தெரிந்திருந்ததால்தான் 155 நாள், 160 நாள் நெல்லைத் துணிந்து போட்டார்கள்.

2021 ஜனவரியில் பொங்கலையொட்டி விடாமல் பெய்த மழையில், அறுவடைக்கு நின்ற சம்பா டெல்டா மாவட்டங்களில் சாய்ந்து கிடந்தது. கதிரிலேயே நெல் முளைவிட்டது. இரண்டே ஆண்டுகள் கழித்து, 2023 பிப்ரவரி முதல் வாரத்தில், அதாவது தை மாதத்தின் பின்பாதியில், மறுபடியும் அதே கதை. ஹெக்டேருக்கு ரூ.20,000 நிவாரணம் அறிவிக்கப்பட்டது. ஏக்கருக்கு 8,000 ரூபாய்தான் வருகிறது. விதை, உழவு, உரம், களையெடுப்பு, கதிர் அறுக்கும் இயந்திரத்தின் வாடகை என்று நீங்கள் செலவழித்ததை எண்ணிப் பாருங்கள். மேலே சொல்ல ஒன்றும் இல்லை.

இந்த வாரம் இதை எழுதக் காரணம் உண்டு. ஆவணி பிறந்துவிட்டது. எந்த ரகம், எந்த நாள் விதைப்பு என்று நீங்கள் இப்போது எடுக்கும் முடிவுதான், தையில் உங்கள் நெல் எந்த நிலையில் நிற்கும் என்பதைத் தீர்மானிக்கிறது.

வெளியூர்க்காரர்கள் நம் கரையோர ஊர்களுக்கு வந்தால், ‘இங்கே பருவம் ஏது, வெயில்தானே வருடம் பூராவும்’ என்பார்கள். வேதாரண்யத்தில் ஒரு வருடம் இருந்து பார்த்தவர் அப்படிச் சொல்ல மாட்டார். இங்கே பருவத்தைச் சொல்வது காற்று. ஆனி, ஆடியில் மேல்காற்று மணலை வாரி அடிக்கும். மீனவர்கள் கச்சான் என்பார்கள். அந்தக் காற்று பலமாக இருக்கும் நாட்களில் கடல்காற்று நண்பகலில் உள்ளே வராமல் தாமதமாகும். கடற்கரை ஊராக இருந்தும் உடம்பு எரியும். ஆவணி, புரட்டாசியில் சாயங்காலம் மேற்கே மின்னும். இடியோடு வரும் அந்த மழை அரை மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். புழுதியில் விதைத்தவருக்கு முளைப்பு ஈரம் தருவது அதுதான். ஐப்பசியில் எல்லாம் திசை மாறும். காற்று வடகிழக்குக்குத் திரும்பும், மேகம் கடலிலிருந்து வரும், மழையும் பெரும்பாலும் இரவிலும் விடியலிலும்தான் பெய்யும். மாலை மழை விடியல் மழையாக மாறினாலே வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். வானிலைத் துறையின் கணக்கில் அது தொடங்கும் சராசரி நாள் அக்டோபர் 20.

மார்கழி, தையில் வாடை. கோடியக்கரைக்குப் பூநாரைகள் வந்திருக்கும். புல் நுனியில் பனி நிற்கும். நெல்லுக்குக் கழுத்துக் குலைநோய் பிடிப்பதும் இந்தக் குளிர்ந்த இரவுகளில்தான். தை கடைசியில் மாவில் பூ, மாசிக்குப் பிறகு வெயில் ஏற ஏற முல்லை. அகஸ்தியன்பள்ளி, கோடியக்காடு உப்பளங்களில் பாத்தி கட்டி வேலை தொடங்குவதும் மழை விட்ட பிறகுதான். சித்திரையில் மீன்பிடித் தடைக்காலம் வந்துவிடும். ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். ஒரே ஊரில் நெல்காரர் மழைக்கு ஏங்க, அதே வாரம் உப்புக்காரர் வெயிலுக்கு ஏங்குவதைப் பார்க்கலாம். இரண்டு வேண்டுதலும் ஒரே கோயிலுக்குத்தான் போகின்றன என்பது வேறு விஷயம்.

இந்தப் பருவங்கள் அழிந்துவிடவில்லை. ஐப்பசியில் காற்று இன்னும் திரும்புகிறது, வாடையும் வருகிறது. மாறியிருப்பது மழையின் பங்கீடு. தமிழகத்துக்கு வடகிழக்குப் பருவத்தின் மூன்று மாதங்களும் சேர்ந்து தருவது சராசரியாக 44 சென்டிமீட்டர். 2022 நவம்பர் 11 அன்று சீர்காழியில் ஒரே நாளில் பதிவானதும் 44 சென்டிமீட்டர். ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஏக்கருக்குச் சுமார் 4,000 லிட்டர் தண்ணீர். அன்று சீர்காழி வயல் ஒவ்வொன்றிலும் ஏக்கருக்கு 17 லட்சம் லிட்டருக்கு மேல் இறங்கியிருக்கிறது. எந்த வடிகால் வாய்க்காலும் அதற்காக வெட்டப்பட்டது அல்ல. 2023 டிசம்பரில் காயல்பட்டினம் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் வாங்கியது. நேர் எதிராக, 2016-ல் மாநிலம் முழுவதும் பருவமழை 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்து, டெல்டாவில் விதைத்த நெல் வயலிலேயே காய்ந்தது.

ஆற்று நீரையும் நம்பிக் கணக்குப் போட முடியவில்லை. மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள். 2023-ல் ஜூன் 12-ல் திறந்து, நீர் இருப்பு குறைந்ததால் அக்டோபர் 10-ல் மூடினார்கள். 2024-ல் திறந்ததே ஜூலை 28-ல்தான். தண்ணீர் கல்லணை தாண்டி, வெண்ணாறு பிரிந்து, தலைஞாயிறு பக்கம் எட்டிப் பார்க்க மேலும் பல நாட்கள். கடைமடைக்காரர் நாற்றுவிட்டு நடவு நட முடியாமல் நேரடி விதைப்புக்குப் போனது சும்மா அல்ல.

ரகம் தேர்வில் ஒரு எச்சரிக்கை

சி.ஆர்.1009 சப்-1 விதைக்கு இப்போது வட்டார வேளாண் விரிவாக்க மையங்களில் நல்ல கேட்பு இருக்கிறது. நல்ல ரகம்தான், மூழ்கினாலும் இரண்டு வாரம் வரை தாக்குப்பிடிக்கும் குணம் அதற்கு உண்டு. ஆனால் அந்தக் குணம் பயிர் தூர் கட்டும் பருவத்தில்தான் வேலை செய்யும். முளைக்கும் விதை தண்ணீருக்குள் கிடந்தால் சப்-1 ஆனாலும் அழுகும். பூக்கும் நேரத்தில் மூழ்கினால் பதராகும். அறுவடை நேரத்தில் சாய்ந்து மூழ்கினால் எந்த ரகமாக இருந்தாலும் முளைக்கும். பெயரில் சப்-1 இருக்கிறதே என்று வடிகாலை விட்டுவிடாதீர்கள்.

நாள் கணக்கையும் பாருங்கள். 155 நாள் ரகத்தை ஆகஸ்ட் 20-ல் விதைத்தால் ஜனவரி 22 வாக்கில் அறுவடை. 135 நாள் ரகத்தை செப்டம்பர் 10-ல் விதைத்தாலும் ஜனவரி 23-க்குத்தான் வருகிறது. இரண்டும் ஒரே இடத்தில் போய் முடிவது போலத் தோன்றும். ஆனால் முதல் வயலின் பயிர் ஐப்பசி அடைமழைக்குள் இரண்டு மாதம் தாண்டி நன்றாக வேர் பிடித்து, முழங்கால் தாண்டி நிற்கும். இரண்டாவது அப்போதுதான் தூர் கட்டத் தொடங்கியிருக்கும். பள்ளமான, தண்ணீர் தேங்கும் வயலுக்கு முன்கூட்டியே விதைத்த நீண்ட நாள் ரகம் ஏற்றது. மேட்டு வயலுக்கும் உவர் ஏறிய வயலுக்கும் திருச்சி-3 போன்ற 135 நாள் ரகம் பொருந்தும். செப்டம்பர் பாதி தாண்டிவிட்டால் 155 நாள் ரகத்தைத் தொடவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. அது பிப்ரவரிக்குள் போய் விழும். பிப்ரவரியும் இப்போது பயமற்ற மாதம் இல்லை.

இன்னொன்று. ஊர் முழுவதும் ஒரே ரகம், ஒரே வாரம் விதைப்பு என்றால் அறுவடையும் ஒரே வாரத்தில்தான் வரும். இயந்திரம் கிடைக்காது, வாடகை ஏறும், கொள்முதல் நிலையத்தில் மூட்டைகள் வரிசை கட்டும். அந்த வாரம் மழை வந்தால் எல்லோருக்கும் சேதம். ஐந்து ஏக்கர் வைத்திருப்பவர் அதை இரண்டு ரகமாக, பத்துப் பதினைந்து நாள் இடைவெளியில் பிரிப்பது நல்லது. ஒரே ஏக்கர் வைத்திருப்பவரால் இது முடியாது. அவருக்காகத்தான் கிராம அளவில் பேசி முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. உதவி வேளாண் அலுவலர்கள் இந்த ஆவணிக்குள் அப்படி ஒரு கூட்டம் போட்டால், பிறகு போடும் பத்துப் பயிற்சி முகாம்களைவிட அது பயன்படும்.

குழியடிச்சான், களர்ப்பாலை போன்ற நம் கரையோரப் பழைய நெல் ரகங்களைச் சிலர் இன்னும் காப்பாற்றி வருகிறார்கள். உவரைத் தாங்கும். மகசூல் குறைவு, விற்பனைக்கு வழி தனியாகத் தேட வேண்டும். முழு நிலத்துக்கும் பரிந்துரைக்க மாட்டோம். கடலை ஒட்டிய, வேறு எதுவும் தேறாத வயலில் போட்டுப் பார்க்கலாம்.

புழுதி விதைப்புக்கு முன் விதையை 1 சதவீத பொட்டாசியம் குளோரைடு கரைசலில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி விதையுங்கள். முளைத்த பிறகு மழை சற்றுத் தள்ளிப்போனாலும் பயிர் ஓரளவு தாங்கும்.

தண்ணீர் போகும் வழி

கடலோர வடிகாலுக்கு மற்ற ஊர்களில் இல்லாத ஒரு சிக்கல் உண்டு. மழை பெய்யும்போது கடலும் ஏறி நிற்கும். அமாவாசை, பௌர்ணமி ஓதத்தோடு காற்றழுத்தத் தாழ்வும் சேர்ந்துவிட்டால் ஆற்று வாயில் தண்ணீர் கடலுக்குள் போகாது, எதிர்த்துக்கொண்டு நிற்கும். வேதாரண்யம் கால்வாயும் அடப்பாறும் அரிச்சந்திரா நதியும் நிரம்பி, வயல் தண்ணீர் இறங்க இடமில்லாமல் நாள்கணக்கில் தேங்குவது இதனால்தான். கோடையில் முகத்துவாரங்களை மணல் அடைத்துக்கொள்ளும். அதைப் புரட்டாசிக்குள் வெட்டிவிடாமல் ஐப்பசியில் வெள்ளம் வந்த பிறகு இயந்திரம் கொண்டுபோவது ஒவ்வோர் ஆண்டும் நடக்கிறது.

ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் வெண்ணாறு உபவடிநிலத்தில் இந்த ஆறுகளைச் சீரமைத்துக் கரைகளைப் பலப்படுத்தியிருக்கிறார்கள். நல்ல வேலை. ஆனால் ஆறு சரியானால் மட்டும் போதாது. வயலிலிருந்து ஆற்றுக்குப் போகும் சின்ன வடிகால்களில் ஆகாயத்தாமரையும் காட்டாமணக்கும் மண்டிக் கிடந்தால் ஆற்றை எவ்வளவு ஆழப்படுத்தியும் பயனில்லை. ‘ஏ’, ‘பி’ வாய்க்கால்களைத் தூர்வார நிதி வருகிறது. அதற்குக் கீழே உள்ளவை யாருடைய பொறுப்பு என்பதில் நீர்வளத் துறையும் ஊராட்சியும் ஒருவரையொருவர் கைகாட்டுகின்றன. ஊரக வேலைத் திட்டத்தில் இதை முதல் வேலையாக வைக்க ஊராட்சி நிர்வாகம் நினைத்தால் போதும். வரும் கிராமசபையில் இதைக் கேளுங்கள், பெயர் சொல்லி, வாய்க்கால் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

மூழ்கிய பயிர் பற்றி ஒரு வார்த்தை. தண்ணீர் வடியும் முன்பே உரத்தைக் கொண்டுபோய்க் கொட்டாதீர்கள். முழுதாக வடிந்து, புதுத் தளிர் தெரிந்த பிறகு, ஏக்கருக்கு 22 கிலோ யூரியாவுடன் 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம்புண்ணாக்கு கலந்து ஓர் இரவு வைத்திருந்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து இடச் சொல்கிறது வேளாண்மைத் துறை. இலை வெளுத்திருந்தால் 2 கிலோ யூரியா, 1 கிலோ துத்தநாக சல்பேட்டை 200 லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தெளிக்கலாம்.

தை மழை நெல்லை மட்டும் கெடுப்பதில்லை. சம்பா அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாள் முன்பு, நிற்கும் பயிருக்குள் ஏக்கருக்குப் பத்து கிலோ உளுந்து தெளிக்கிறோம். எஞ்சிய ஈரத்திலும் பனியிலும் மட்டுமே வளர்கிற பயிர் அது, செலவும் குறைவு. அறுவடை தள்ளிப்போனால் உளுந்தும் தள்ளிப்போய் மாசி வெயிலில் மாட்டுகிறது. விதைத்த பிறகு தண்ணீர் தேங்கினால் அழுகுகிறது. ‘தை மழை நெய் மழை’ என்றும் நம்மிடம் பழமொழி இருக்கிறது. அது உளுந்து முளைத்து நிற்கும்போது விழும் ஒரு தூறலுக்குச் சொன்னது, மூன்று நாள் அடைமழைக்கு அல்ல. மாந்தோப்பில் பூ வந்த நேரத்தில் மழையும் மூட்டமும் சேர்ந்தால் பூ உதிர்வதோடு சாம்பல் நோயும் தத்துப்பூச்சியும் வந்துவிடும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் அடித்துச் சாய்த்த தென்னையையும் மாவையும் மறுபடி வைத்து வளர்த்தவர்கள் இவர்கள். உப்பளத்தில் ஒரு தை மழை பெய்தால் கட்டிய பாத்தி கரைந்து முதலிலிருந்து வேலை.

இங்கே ஒரு ஒப்பீடு சொல்ல வேண்டும். மீனவருக்குத் தடைக்காலம் சட்டப்படி தேதியிட்டு வருகிறது, நிவாரணமும் அதோடு சேர்ந்து வருகிறது. உப்பளத் தொழிலாளருக்கும் மழைக்கால மூன்று மாதங்களுக்கு ரூ.5,000 என்று அரசு ஒரு ஏற்பாடு செய்தது. தொகை போதுமா என்பது தனிக் கேள்வி. ‘இந்தக் காலத்தில் இவருக்கு வேலை இல்லை’ என்று அரசு முன்கூட்டியே ஒப்புக்கொள்கிறது என்பதுதான் இங்கே முக்கியம். நெல் விவசாயிக்கு அப்படி இல்லை. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பத வரம்பு 17 சதவீதம். தையில் மழை பெய்ததும் மாநில அரசு டெல்லிக்குக் கடிதம் எழுதுகிறது, மத்தியக் குழு வருகிறது, மாதிரி எடுக்கிறது, பிறகு ஆணை வருகிறது. 2023 பிப்ரவரியிலும் அப்படித்தான் 20 சதவீதம் வரை தளர்த்தினார்கள். அதற்குள் சாலையில் கொட்டிய நெல் பாதி கறுத்துவிட்டது. கடலோர வட்டாரங்களுக்கு ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் இந்தத் தளர்வை நிரந்தர விதியாகவே வைத்தால் என்ன? கூடவே, பெரிய கொள்முதல் நிலையங்களுக்கு உலர்த்தும் இயந்திரம் வேண்டும். தார்ப்பாய் கேட்டே நமக்குக் காலம் போகிறது.

வேளாண் அறிவியல் நிலையங்களில் இயங்கிய மாவட்ட வேளாண் வானிலை அலகுகளை ஒன்றிய அரசு 2024-ல் மூடியது நம்மைப் போன்ற பகுதிக்குப் பெரிய இழப்பு. செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் வரும் வேளாண் வானிலை அறிக்கையையும் மேகதூத் செயலியையும் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள். அதோடு உங்கள் ஊருக்கு ஒரு மழைமானி வாங்குங்கள். விலை அதிகம் இல்லை. காலை 8.30-க்கு அளந்து ஒரு நோட்டில் எழுதச் சொல்லி ஒரு பள்ளிப் பிள்ளையிடம் ஒப்படையுங்கள். தாலுகா தலைநகரில் பதிவான மழை உங்கள் ஊர் மழை ஆகாது. அரசு அலுவலகத்தில் பேச நேரும்போது அந்த நோட்டு உங்கள் பக்கம் பேசும்.

கடைசியாகப் பயிர்க் காப்பீடு. சம்பாவுக்கு நீங்கள் கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம்தான். இழப்பைப் பெரும்பாலும் உங்கள் வயலைப் பார்த்து அல்ல, வருவாய்க் கிராமத்தில் நடக்கும் பயிர் அறுவடைப் பரிசோதனையின் சராசரியை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். உங்கள் கிராமத்தில் அந்தப் பரிசோதனை எந்த வயலில், எந்த நாளில் நடக்கிறது என்று கேட்டு, ஊர்க்காரர் நாலு பேர் அங்கே நில்லுங்கள். பதிவு வழக்கமாக நவம்பர் பாதியோடு முடியும். கடைசி வாரத்தில்தான் பொது சேவை மையத்தில் சர்வர் நிற்கும், கிராம நிர்வாக அலுவலரும் மழை வேலையில் இருப்பார். விதைத்த கையோடு அடங்கல் வாங்கி வையுங்கள். சர்வே எண்ணின் உட்பிரிவும் வங்கிக் கணக்கில் உள்ள பெயரும் சிட்டாவோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். குத்தகைக்குச் செய்பவர்கள் நில உரிமையாளரிடம் கையெழுத்தை இப்போதே கேட்டு வாங்குங்கள்.